பானெட்டில் மூன்று விரல்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகளை ஓடாமல் செய்தவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் போட்டால், முதல் இடம் நாடிக்குத்தான். இரண்டாம் இடமும் அவருக்கே. மூன்றாவது இடத்துக்கு வேண்டுமானால் மழைக்காலத்து ரோட்டுப் பள்ளங்கள் போட்டி போடலாம்.

நாடி என்பது அவர் பெயரில்லை. சம்பளச் சீட்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். நாங்கள் வேலை பார்த்தது ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலை. நான் சரக்கு அனுப்பும் பிரிவில், அவர் ஸ்டோர்ஸில். கையுறை, நட்டு, போல்ட் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதுதான் அவருடைய உத்தியோகம். ஆனால் மனிதர் தன்னை ஒரு வண்டி வைத்தியர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எங்கே எந்த வண்டி மக்கர் செய்தாலும் ஸ்டோர்ஸைப் பூட்டிக்கொண்டு ஓடி வருவார். பானெட்டின் மேல் மூன்று விரலை வைப்பார். கண்ணை மூடுவார். சித்த வைத்தியர் மணிக்கட்டைப் பிடிப்பாரே, அதே தோரணை.

"வண்டிக்கும் ஒடம்புக்கும் இன்னா நைனா வித்தியாசம்? காத்தும் கரண்டும் வாதம். சூடு பித்தம். ஆயிலு, தண்ணி, பெட்ரோலு எல்லாம் கபம். இந்த மூணத் தாண்டி நாலாவது வியாதி ஒலகத்துலயே கெடையாது" என்பார்.

இவ்வளவு பேசுகிறவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பைக்கும் தெரியாது. சொந்தமாக ஒரு சைக்கிள் வைத்திருந்தார். அதன் செயின் பாதி நாள் கழன்றுதான் கிடக்கும், அவரும் அதைத் தள்ளிக்கொண்டுதான் வருவார். அதற்கு ஏன் நாடி பார்க்கவில்லை என்று கேட்டால், சொந்தக்காரனுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாதாம்.

ஒருமுறை பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் நகர மறுத்தது. நாடி விரலை வைத்து, கபம் கட்டிக்கொண்டது என்றார். ஆயில் முழுவதையும் இறக்கி, வடிகட்டி, மறுபடி ஊற்றி முடிக்க அரை ஷிப்ட் ஆயிற்று. அப்போதும் நகரவில்லை. டீ குடிக்கப் போயிருந்த டிரைவர் திரும்பி வந்து, "ஹேண்ட் பிரேக்க எவனும் எடுக்கலியா?" என்று கேட்டார். யாரும் எடுக்கவில்லை. நாடி கொஞ்சமும் அசராமல், "கபம் எறங்குனதாலதான் பிரேக்கே எடுக்க வந்துது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கம்பெனி பஸ்ஸுக்கு வந்த கதி இன்னும் மோசம். கோடையில் ரேடியேட்டர் கொதிக்கிறது என்று டிரைவர் வாய்தவறி அவரிடம் சொல்லிவிட்டார். பித்தம் தலைக்கேறிவிட்டது என்று முடிவு செய்த நாடி, வெட்டிவேர் ஊறவைத்த தண்ணீரை வீட்டிலிருந்து கேனில் கொண்டுவந்து ஊற்றினார். இரண்டு நாள் பஸ் கோயில் மாதிரி மணத்தது. மூன்றாம் நாள் வேர் போய்க் குழாயை அடைத்து, கவரைப்பேட்டை ரயில்வே கேட் பக்கத்தில் பஸ் புகை விட்டு நின்றது. ஷிப்ட் முடிந்து களைத்த ஆட்கள் அத்தனை பேரும் அங்கிருந்து நடந்தார்கள். வழியெல்லாம் அவர்கள் பேசிய வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான் என் காரில் அவரைக் கைவைக்க விட்டேன். என்னைப் போன்ற முட்டாள் வேறு யார் இருப்பான்?

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கம்பெனியில் பூஜை. எல்லோரும் அவரவர் வண்டியைக் கழுவி வரிசையாக நிறுத்தியிருந்தோம். என் காருக்கு வயது பதினைந்து. சந்தனம் குங்குமம் வைத்து முன்பக்கம் மாலை போடப் போனேன். நாடி தடுத்தார்.

"ஆயுதம் உள்ள கீது. நீ வெளிய மாலை போடறியே, சொக்காய்க்குத் தாலி கட்டறா மாரி?"

பானெட்டைத் தூக்கி, நைலான் நூலில் கட்டிய சாமந்தி மாலையை என்ஜினைச் சுற்றி அவரே சாத்தினார். மறுபடி மூன்று விரல், மறுபடி கண்மூடல். "விஜயதசமி முடிஞ்சி மறுநாள் தாண்டற வரைக்கும் கழட்டாத. தங்கச்சி நல்ல காரியமா போவுது."

தங்கச்சி என்று அவர் சொன்னது என் மனைவி செல்வியை. விஜயதசமிக்கு மறுநாள் திருவள்ளூரில் அவளுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. பதினொரு மணிக்குள் ஆஜராக வேண்டும், வராதவர்களுக்கு மறுவாய்ப்பு இல்லை என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஆசிரியர் வேலைக்காக அவள் ஆறு வருடம் காத்திருந்தாள். அந்த ஆறு வருடமும் மோட்டார் வைத்த தையல் மெஷினில் ஊரார் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைத்துக்கொண்டே படித்தாள். அப்படிப்பட்ட நேரத்தில் சாமிக்குப் போட்ட மாலையைக் கழற்ற எனக்குத் துணிச்சல் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

சரிபார்ப்பு நாளன்று காலை ஏழரைக்குக் கிளம்பினால், வாசலில் நாடி நிற்கிறார். வெள்ளைச் சட்டை, பெல்ட் போட்ட பேண்ட், தலையில் படிய எண்ணெய்.

"லீவு போட்டுட்டேன். இன்னிக்குப் போயி வண்டிய தனியா உடுவனா?"

செல்வி என்னைப் பார்த்த பார்வையில் நான் பஸ்பமாகியிருக்க வேண்டும். அதற்குள் அவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். செல்வி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

கவரைப்பேட்டையில் திரும்பிப் பெரியபாளையம் ரோட்டில் கொஞ்ச தூரம் போயிருப்போம். முன்னாலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்டீயரிங் திடீரென்று அம்மிக்கல் கனம் கனத்தது.

"அண்ணே, லைட் எரியுது. ஸ்டீயரிங் திரும்ப மாட்டேங்குது" என்றேன்.

"லைட்டுன்னா எரியத்தான் செய்யும். ஸ்டீயரிங்க்கு ஒண்ணும் இல்ல, உன் தோள்ல வாதம். நீ பாட்டுக்கு ஓட்டு."

ஓட்டினேன். ஏசி போட்டுக்கொண்டு வேறு ஓட்டினேன். இன்னும் சில கிலோமீட்டர் போனதும் வண்டி திணற ஆரம்பித்தது. "நிறுத்து நைனா, ஆஃப் பண்ணு, நாடி பாத்துட்றேன்" என்றார். ஆஃப் செய்தேன். அவ்வளவுதான். அதன் பிறகு சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று பல்லி கத்துகிற சத்தம் மட்டும் வந்தது. மணி எட்டே கால். இரண்டு பக்கமும் வயல். கூப்பிடு தூரத்தில் ஒரு டிராக்டரைத் தவிர வேறு வண்டி எதுவும் இல்லை.

வைத்தியம் ஆரம்பமானது. முதலில் கபம். பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்து வாய் வைத்து ஊதினார். அவருக்கு இருமல் வந்தது, வண்டிக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்தது வாதம். காற்று வடிகட்டியைக் கழற்றி ரோட்டோரப் புளியமரத்தில் துணி துவைப்பதுபோல் அடித்தார். பிறகு பித்தம். என்ஜின் மேல் ஈரத் துணியைப் போட்டுவிட்டு, காய்ச்சல்காரக் குழந்தைக்குக் காத்திருப்பதுபோல் பக்கத்தில் குந்தினார். ஒவ்வொன்றுக்கும் "அஞ்சே நிமிஷம்" என்றார். அந்த ஐந்து நிமிடங்களில் ஒரு பஸ் நிரம்பி வழிந்து நிற்காமல் போயிற்று. போனில் கூப்பிட்ட டாக்ஸி 'இதோ வருகிறது' என்று காட்டி இரண்டு முறை ரத்தானது. எங்கள் மெக்கானிக் பூஜை முடித்து ஊருக்குப் போயிருந்தார். மணி ஒன்பதைத் தாண்டியது.

செல்வி அதுவரை பின்சீட்டிலேயே இருந்தாள். ஃபைலை சீட்டில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"அண்ணே, தள்ளுங்க."

"தங்கச்சி, இது ஆம்பளைங்க..."

"தள்ளுங்கன்றேன்."

குனிந்து பார்த்தாள். "இங்க ஒரு சக்கரம், அங்க ஒரு சக்கரம். ரெண்டயும் சேக்கற பெல்ட்டு எங்க? என் மெஷின்ல பெல்ட்டு அறுந்தா மோட்டாரு பாட்டுக்கு சுத்தும், ஊசி ஏறாது. அதே கதைதான இது? பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தறது இதானே?"

நானும் குனிந்தேன். பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பெல்ட் இல்லை. அதன் கறுப்பு நார்கள் அடியில் தொங்கின. சக்கரத்தின் பள்ளத்தில், இறுகிப் போய், நைலான் நூல் ஒரு கண்டு அளவுக்குச் சுற்றியிருந்தது. நூலுக்கு நடுவில் நசுங்கிய மஞ்சள் சாமந்தி இதழ்கள்.

பெல்ட்டை அறுத்தது மாலை. பெல்ட் போனதால் பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை. மிச்சமிருந்ததையும் ஏசி போட்டு நான் தீர்த்துவிட்டேன். இதில் வாதமும் இல்லை, பித்தமும் இல்லை. நாடி மட்டும்தான் இருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் அவரை அந்தப் புளியமரத்திலேயே அடித்துத் தூசி தட்டியிருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். மூன்று விரலையும் மடக்கிக்கொண்டு நின்றார்.

"நான்தான் தங்கச்சி. நான்தான் கெடுத்தேன்" என்றார்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததைத் தொழிற்பேட்டையில் யாரும் கேட்டதில்லை. சொல்லி முடித்ததும் வரப்பில் இறங்கி ஓடினார், டிராக்டரை நோக்கி. செல்வி ஃபைலை எடுத்துக்கொள்ள, நாங்களும் பின்னால் ஓடினோம். டிராக்டர்காரர் அப்போதுதான் உழுவதற்கு ஏறிக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்தே, பேட்டரிய கழட்டிக் குடு. சாயங்காலம் வந்துடும்."

"பேட்டரிய குடுத்துட்டு நான் இன்னாத்த வச்சி ஓட்டறது?"

"அந்தப் பொண்ணு ஆறு வருசமா காத்துக்கினு கீது. பதினோரு மணிக்குப் போவலன்னா அதுக்கு வேலையே போயிடும். பேட்டரி வர வரைக்கும் என்னப் புட்ச்சி வச்சிக்க. இந்தா செல்லு, இந்தா ஐடி கார்டு."

டிராக்டர்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உன்ன வச்சிக்கினு நான் இன்னா பண்றது? ஏர்ல பூட்டறதா?"

அவர் சொன்னதில் எனக்கும் உடன்பாடுதான். நாடியை அடகு பிடிக்க எந்த விவசாயி சம்மதிப்பார்? அந்த மனிதர் செல்வியைப் பார்த்தார், அவள் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார்.

டிராக்டர் பேட்டரி எங்கள் காரில் அதன் இடத்தில் உட்காரவில்லை, பெரிது. நாடி தன் இடுப்பு பெல்ட்டை உருவி அதைச் சேர்த்து இறுக்கிக் கட்டினார். சாவியைத் திருப்பினேன். கிளம்பியது. ஏசி கிடையாது, பாட்டு கிடையாது, ஹாரன்கூட அடிக்காமல் போனேன். கண்ணாடியில் பார்த்தால், ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை நாடி ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பத்து ஐம்பதுக்குச் செல்வி திருவள்ளூர் அலுவலகப் படியேறினாள். நான் வெளியே நின்று நாடியின் போனுக்கு அடித்துச் சொன்னேன். திருவள்ளூரிலேயே ஒரு மெக்கானிக் புது பெல்ட் மாட்டி, எங்கள் பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். "பூ மாலையா? என்ஜினுக்குள்ளயா?" என்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தோம். டிராக்டரின் முன்மூடி திறந்திருந்தது. கீழே சாக்கை விரித்து, அதன் மேல் டிராக்டரின் உள்ளுறுப்புகள் பரப்பப்பட்டிருந்தன. கயிற்றால் பேண்டைக் கட்டிக்கொண்டு நாடி நடுவில் குந்தியிருந்தார். டிராக்டர்காரர் வரப்பில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"இதுக்குப் பயங்கரமா கபம் ஏறிக் கெடந்துது நைனா" என்றார் நாடி, மலர்ந்த முகத்தோடு.

டிராக்டர்காரர் எழுந்து வந்தார். "பேட்டரிகூட வேணாம் சாமி. மொதல்ல இந்த ஆள ஏத்திக்கினு போ." பிறகு குரலைத் தாழ்த்திச் செல்வியிடம் சொன்னார். "காலைல ஊட்லேந்து நாஷ்டா கொண்டாந்து குடுத்தேன்மா. தொடல. தங்கச்சி போய்ச் சேந்துச்சான்னு தெரியாம எறங்காதுன்னான். உன் ஊட்டுக்காரர் போன் வந்தப்பறம்தான் துண்ணான்."

டிராக்டரை மறுபடி ஒன்றுசேர்க்க எங்களுக்கு இருட்டும்வரை ஆனது.

செல்விக்குப் பொதட்டூர்பேட்டைப் பக்கம் வேலை கிடைத்தது. நானும் திருத்தணியில் ஒரு வேலை பார்த்துக்கொண்டேன். சாமான்கள் லாரியில் போய்விட்டன. நாங்கள் காரில் ஏறும்போது நாடி வந்தார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. வழக்கம்போல் செயின் தொங்கியது. காரிலிருந்து பத்தடி தள்ளியே நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இன்னாண்ணே, நாடி பாக்கலியா?" என்றேன்.

"வேணாம் நைனா. நல்ல காரியமா போறீங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கிப் போய் அவர் கையை இழுத்து பானெட்டின் மேல் வைத்தேன். "சும்மா ஒரு தடவ பாருங்க." செல்வி தடுக்கவில்லை. மூன்று விரல் பதிந்தது. கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவேயில்லை.

"வாதமா, பித்தமா?"

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் கீது" என்றார். குரல்தான் நன்றாக இல்லை.

அவர் வாழ்நாளில் சரியாகச் சொன்ன ஒரே வைத்தியம் அது. சாவியைத் திருப்பினேன், முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பிவிட்டது. அன்றைக்கு ஒருநாள் அது கிளம்பாமல் இருந்திருக்கலாம்.