புக்கிட் பெலண்டோக்கின் மனநலப் புரட்சி

முதியோர் மனநலத்தில் உலக நாடுகளெல்லாம் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்த வேளையில், புக்கிட் பெலண்டோக் பக்கத்து எங்கள் செம்பனைத் தோட்டம் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலின் செயலாளர் அடியேன், குணாளன்.

முன்பெல்லாம் எங்கள் பெரியவர்கள் மனச்சோர்வுக்கு ஆலோசனை பெற வேண்டுமென்றால் பஸ் மாறி பஸ் ஏறி சிரம்பானுக்குப் போக வேண்டும். மூட்டுவலியோடு யார் போவார்? ஒருவரும் போகவில்லை. ஒருவரும் போகாததால், எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் மனச்சோர்வே இல்லை என்று வெகுகாலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

என் அப்பா ஆறுமுகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து லாரி ஓட்டியவர். அம்மா போனதிலிருந்து யாரோடும் பேச்சில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார், டிவி போட்டால் பார்ப்பார், அணைத்தாலும் பார்த்துக்கொண்டிருப்பார். அக்கம்பக்கத்தார் இதை நோய் என்றார்கள். நான் 'பக்குவம்' என்றேன்.

இந்நிலையில்தான் சிரம்பான் நல அமைப்பு ஒன்று, "ஆலோசகரை நாங்களே அனுப்புகிறோம்" என்றது. உடனே குழு அமைத்தோம். லாரி காண்ட்ராக்டர் சுகுமாறன் தலைவரானார். முதல் கூட்டம் முழுக்க டி-சட்டையின் நிறம் பற்றியது. ஊதா மனதுக்கு அமைதி தரும் என்றார் ஒருவர். ஊதாவில் தொந்தி பெரிதாகத் தெரியும் என்றார் இன்னொருவர். இரண்டாம் கூட்டத்தில் தொந்தி வென்றது. குழுவில் வயதானவர் ஒருவரையும் சேர்க்கலாமே என்று யாரோ கேட்டபோது, "பாவம், அவங்களுக்கு எதுக்கு லா தொந்தரவு?" என்று தலைவர் பரிவோடு மறுத்துவிட்டார்.

தொடக்க விழா நாள் வந்தது. 'எங்கள் கதவு உங்களுக்காகத் திறந்தே இருக்கிறது' என்ற பேனரை மண்டப வாசலில் கட்டினோம். பேனர் கொஞ்சம் பெரிதாகிவிட்டதால் கதவு மறைந்துபோனது. பெரியவர்கள் சமையல்கட்டு வழியாக, மீஹூன் சேமியா சட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

ஆலோசகர் லோகேஸ்வரி, சின்ன மைவி காரில் காலையிலேயே வந்துவிட்டார். மதியம் அவர் திரும்ப வேண்டும். தலைவர் பேச எழுந்தார். "பெரியோர்களே! மனம் விட்டுப் பேசுங்கள்!" என்றார். ஆனால் மைக்கை விடவில்லை.

தோட்ட வரலாறு முடிந்து, தலைவரின் வாழ்க்கை வரலாறு தொடங்கியபோது, முன்வரிசையிலிருந்து பஞ்சாலை எழுந்தார். தலைவரைப் பெற்றவர், அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நேராக லோகேஸ்வரியிடம் போனார்.

"நீதான் கவுன்சிலரா?"

"ஆமா பாட்டி."

"எங்க வீட்டுப் பின்னால லோங்காங் அடைச்சிருக்கு. சாக்கடத் தண்ணி போவல."

"ஐயோ, நான் அந்தக் கவுன்சிலர் இல்ல பாட்டி. மனசுக்குப் பார்க்கிற கவுன்சிலர்."

பஞ்சாலை கொஞ்சம் யோசித்தார். "அங்கயும் அடைச்சிதாம்மா இருக்கு."

லோகேஸ்வரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பேச்சு முடியட்டும், உட்கார்ந்து பேசலாம்."

"இவன் முடிக்கிறதுக்குள்ள நான் முடிஞ்சிடுவேன். பெத்தவளுக்குத் தெரியாதா? ஒன் காடி எங்க நிக்குது?"

காரில் ஏறினார்கள். நின்ற இடத்தில் பேச வரவில்லை, மரத்துக்கு மரம் நடந்துகொண்டே பேசிப் பழகியவள் நான் என்று பஞ்சாலை சொல்ல, லோகேஸ்வரி வண்டியைக் கிளப்பினார். செம்பனைக் காட்டுச் சாலையில் ஒரு சுற்று. திரும்பி இறங்கிய பஞ்சாலை, மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, மண்டபத்தைப் பார்த்துக் கூவினார்: "வாங்க லா! உள்ள ஏர்கோனும் இருக்கு!"

அவ்வளவுதான். முட்டிவலி, இடுப்புவலியெல்லாம் எங்கே போனதோ! மீஹூன் சட்டியைக் கவிழ்க்காத குறையாக அத்தனை பேரும் பாய்ந்தார்கள். மண்டபத்துக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் காருக்காக வரிசை. "நேத்து நான் ஒனக்குப் பாத்ரூம்ல வழி விட்டேன், இன்னிக்கு நீ எனக்கு விடு" என்று சண்டை வேறு. ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்று. உள்ளே தலைவர், காலி நாற்காலிகளைப் பார்த்து, "உங்களோடு நாங்கள் இருக்கிறோம்!" என்று முழங்கிக்கொண்டிருந்தார். செயலாளர் என்ற முறையில் நான் கைதட்டினேன்.

வெளியே வந்து பார்த்தால், காருக்குள் என் அப்பா! முதல் சுற்றில் வாயை மூடியிருந்தார். லோகேஸ்வரி நிறுத்தவில்லை, மறுபடியும் ஓட்டினார். அடுத்த முறை கடந்தபோது அப்பாவின் வாய் அசைந்தது. அதற்கடுத்த முறை இரண்டு கைகளாலும் ஸ்டீரிங்கைத் திருப்புவதுபோல் காட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். முகம் நனைந்திருந்தது. ஏர்கோன் ஒழுகுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் விழா அறிக்கையில் 'மாபெரும் வெற்றி' என்று எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து எதிரே உட்கார்ந்தார்.

"குணா. ஆஸ்பத்திரியில கடைசி நாள் உங்கம்மா ஒன்னயே கேட்டுக்கிட்டு இருந்தா."

நான் 'மாபெரும்' என்பதை அடிக்கோடிட்டேன். "அப்பா... இதெல்லாம் கவுன்சிலர்கிட்ட பேச வேண்டிய விஷயம்ப்பா."

"பேசிட்டேன்யா. அந்தப் பொண்ணுதான், இத ஒங்க மகன்கிட்ட பேசுங்கன்னு சொல்லிச்சு."

எனக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. அதாவது, நான் ஒன்று போட்டேன்.

அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லார் முகமும் வாடியிருந்தது. "எங்கம்மா சாப்பாட்டு மேசையில வந்து உட்கார்றாங்க லா," என்றார் தலைவர். "வாரத்துல ஒரு நாளாவது என்கூட சாப்பிடுடாங்கிறாங்க. நேத்து, நீ ஏன் என் மூஞ்சியப் பாக்கறதில்லன்னு கேட்டுட்டாங்க." இன்னொருவரின் மாமனார், தன்னை ஏன் பின்னறைக்கு மாற்றினீர்கள் என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார். இவ்வளவு காலம் அமைதியாக இருந்த வீடுகள்!

நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து, வரலாற்றுச் சிறப்புமிக்க அந்தத் தீர்மானத்தை அடியேனே முன்மொழிந்தேன். ஒருமனதாக நிறைவேறியது. ஆலோசகரின் சேவைக்கு நன்றி; இனி அவர் இங்கு வந்து சிரமப்பட வேண்டாம்; பெரியவர்களை நாங்களே வேன் வைத்து சிரம்பானுக்கு அனுப்பிவைக்கிறோம்.

அவர்கள் பேச வேண்டும், கட்டாயம் பேச வேண்டும். எங்கள் காதில் விழாத தூரத்தில்.