அமைச்சர் தேரும் பத்துப் பணமும்

மலைக்கு அந்தப்பக்கம் பொன்வரம்பு என்றொரு நாடு. அங்கே வண்டி வைத்திருப்போர் ஆண்டுதோறும் அரண்மனைக்குக் காப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். வண்டி உடைந்தால் அரண்மனை செப்பனிட்டுத் தரும். ஆனால் செலவில் முதல் பத்துப் பணம் வண்டிக்காரர் தலையில். அதற்குப் ‘பொறுப்புப் பங்கு’ என்று பெயர். குடிகளுக்குக் கவனம் வருவதற்காக மன்னர் செய்த ஏற்பாடு.

உப்பு விற்கும் வள்ளிக்கண்ணு ஒரு நாள் சாலையோரம் வண்டியை நிறுத்தி, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். சாலை அமைச்சரின் தேர் பின்னாலிருந்து வந்து மோதியது. அச்சு முறிந்து, உப்பெல்லாம் மண்ணில் கொட்டியது. அமைச்சரே இறங்கி வந்து, “தவறு என் தேரோட்டியுடையது” என்று ஊரறியச் சொன்னார். அரண்மனை வண்டியைச் செப்பனிட்டது. வள்ளிக்கண்ணுவிடம் பத்துப் பணம் வாங்கிக்கொண்டது.

அவள் காப்பு மண்டபத்துக்குப் போனாள். தலைவர் நெறிகாத்தார் ஓலையைப் புரட்டினார்.

“ஐயா, என் வண்டி சும்மா நின்னுச்சு. இடிச்சது அமைச்சர் தேரு. என் பத்துப் பணத்த அவருகிட்ட வாங்கிக் குடுங்க.”

“கவலை வேண்டாம் அம்மணி. அமைச்சரிடம் முழுச் செலவையும் பெற்றுவிட்டோம்.”

“என் பத்தும் சேத்தா?”

“சேர்த்தே.”

“அப்ப குடுங்க.”

“பெறுவதற்கு விதி இருக்கிறது. கொடுப்பதற்கு விதி இல்லை.”

“அப்ப விதி எழுதுற வரைக்கும் தினம் வருவேன்.”

சொன்னபடியே வந்தாள். எட்டாம் நாள் முரசு அறைந்தார்கள்: நின்ற வண்டியும் விபத்தில் பங்காளியே, அங்கே நிற்காதிருந்தால் மோதல் நேர்ந்திராது. ஆகவே இனி எந்த வண்டியும் சாலையில் நிற்கலாகாது. மாடுகள் நுரை தள்ள ஓடின. அவள் மறுபடியும் போனாள். அடுத்த முரசு: திருப்பிக் கேட்பது அரண்மனைக்கு நேரும் விபத்து, எனவே எல்லோருக்கும் பங்கு இனி இருபது பணம்.

விறகு வண்டிக்காரர் மாசாணம் அவள் வாசலில் வந்து கத்தினார். “உன்னாலதான் புள்ள எங்களுக்கும் இருபதாச்சு!”

அவளுக்குச் சுருக்கென்றது. “முரசு அடிச்சது நானா அண்ணே? அடிச்சவங்ககிட்டப் போய்க் கத்துங்க.”

மாசாணம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கட்டணம் வசூலிக்கும் நாள் வந்தது. வள்ளிக்கண்ணு இருபதைக் கழித்துக்கொண்டு மீதியை வைத்தாள்.

“குறைகிறதே?” என்றார் நெறிகாத்தார்.

“அது உங்க பொறுப்புப் பங்கு. அரண்மனைக்கும் கவனம் வரணும்ல?”

காவலர் அவளைச் சிறைக்கு இழுத்துப் போனார்கள். வரிசையில் அடுத்து நின்றவர் மாசாணம். அவரும் இருபதைக் கழித்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் கழித்தார்கள். பொழுது சாய்வதற்குள் சிறையில் இடமில்லை, சாலையில் வண்டியில்லை, அரண்மனைச் சமையலில் உப்பில்லை.

மூன்றாம் நாள் எல்லோரையும் விடுவித்து, ஆளுக்கொரு பட்டுப் பை கொடுத்தார்கள். பை மேல் மன்னரின் சிரித்த முகம். உள்ளே வண்டி உடைந்தபோது அவரவர் கட்டிய பங்கு. கூடவே ஒப்பமிட ஓர் ஓலை: ‘மன்னரின் அன்பளிப்பை நன்றியுடன் பெற்றுக்கொண்டேன்.’

வள்ளிக்கண்ணு காசை எடுத்துக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுத்தாள். எழுத்தாணியை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, ‘என் பணம்’ என்று எழுதினாள். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை, குடிகளிடம் எழுத்தாணி விற்கத் தடை என்று முரசு அறைந்தார்கள். அதற்குள் எல்லாம் விற்றுப்போய், சந்தையில் ஒன்றுகூட மீதமில்லை.