தொட்டியில் படுத்த பேச்சிமுத்து

ஒரு காட்டில், செல்போன் டவர் வந்த பிறகும் தன்னைக் காடு என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு காட்டில், மாசிலாமணி என்றொரு இளம் மரநாய் இருந்தான். தேன் கூட்டுறவுச் சங்கத்தில் முத்திரை குத்தும் வேலை. ஒருநாள் அதை உதறிவிட்டு வீட்டுக்கு வந்து, "அம்மா, நான் இயற்கை ஒயின் செய்யப்போறேன்" என்றான்.

இயற்கை ஒயின் என்றால் திராட்சையைத் தவிர வேறெதையும் சேர்க்காதது. சர்க்கரை கூடாது, ஈஸ்ட் கூடாது. பழம் தானாகவே நொதித்துப் பொங்க வேண்டும்.

"ஒரு பருவந்தான் பாப்பேன். பொங்கலேன்னா பேசாம சங்கத்துக்குப் போயிரணும்" என்றாள் அம்மா.

மாசிலாமணி படு சுத்தக்காரன். காட்டுத் திராட்சையை மூன்று தண்ணீரில் அலசினான். தோலில் சாம்பல் பூத்தாற்போல் இருந்த படலத்தைத் துணியால் துடைத்தான். சாற்றைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்கள் அந்தப் படலத்தில்தான் குடியிருக்கின்றன. அவன் பார்த்துப் படித்த ஒயின் வீடியோவில் அதைச் சொன்னார்கள். இவன் விளம்பரம் என்று நினைத்து அந்த இடத்தைத் தள்ளிவிட்டிருந்தான்.

பிறகு பழத்தைத் தொட்டியில் கொட்டி, தன் கால்களையும் கழுவிக்கொண்டு மிதித்தான். பத்து நாள் காதை வைத்துக் கேட்டான். தொட்டி வாயே திறக்கவில்லை. பதினோராம் நாள் பூசணம் பூத்தது. பாவம், அழுதேவிட்டான்.

மிச்சமிருந்தது ஒரு தொட்டிப் பழம். அதையும் கழுவத்தான் நினைத்தான். ஆனால் ஓடைத் தண்ணீருக்கு அப்போது டோக்கன் முறை வந்திருந்தது. மூன்று நாள் வரிசையில் நின்று, 'சர்வர் வேலை செய்யவில்லை' என்று டோக்கன் கொடுக்கும் ஆமை சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரும்பினால், தொட்டிக்குள் பக்கத்துப் புதர் காட்டுப்பன்றி பேச்சிமுத்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து குளிக்காதவர். பழமெல்லாம் நசுங்கிக் கூழாகியிருந்தது.

"அண்ணாச்சி! என் பொழப்பே போச்சே!"

"வெயிலுடே. கொஞ்சம் குளுமையா இருந்துச்சு, சாஞ்சேன்" என்று எழுந்து போய்விட்டார்.

இரண்டாம் நாள் தொட்டி குபுகுபுவென்று பொங்கியது. சில வாரத்தில் அடங்கித் தெளிந்தது. மாசிலாமணி ஒரு மடக்குக் குடித்தான். அவனுக்கு உடம்பெல்லாம் சிரிப்பு வந்தது.

உரிமம் தர சுகாதார ஆய்வாளர் நாரை படிவத்தோடு வந்தார். 'பழம் கழுவப்பட்டதா? ஆம் / ஆம்' என்று அச்சடித்திருந்தது.

"கழுவல சார். பன்னி படுத்துச்சு."

நாரை ஒற்றைக் காலில் நின்று யோசித்தார். "உண்மையைச் சொல்றதுக்கு இதுல கட்டம் இல்லையேப்பா. 'இதர விவரங்கள்'ல வேணா எழுதிக்கிறேன். எழுதினா லேபிள்லயும் போடணும்."

அப்படியே புட்டியில் ஒட்டினார்கள்: 'திராட்சை. பன்றி படுத்தது. வேறெதுவும் சேர்க்கப்படவில்லை.'

யார் வாங்குவார்கள் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் மான்கள் வந்து வரிசை கட்டின. "பேச்சிமுத்துவின் இடுப்பு வாசனை தனியாத் தெரியுது" என்று ஒரு மயில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னது. நன்றியுள்ள மாசிலாமணி, பெயர்ப்பலகையில் 'தலைமை நொதிப்பாளர்: பேச்சிமுத்து' என்று எழுதி வைத்தான். எல்லாம் அவர் உடம்பால் வந்தது என்றே நம்பினான்.

அடுத்த பருவம் வந்தது. பேச்சிமுத்து சந்தன சோப்பு போட்டுக் குளித்து, நகம் வெட்டி, துண்டு போர்த்திக்கொண்டு வந்தார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னடே இது, தோலெல்லாம் சாம்பல்? என் அந்தஸ்துக்கு இதுல எப்படிப் படுக்க? நல்லாத் தொடைச்சுக் கழுவு."

பயபக்தியோடு கழுவினான். அவர் படுத்தார். போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

பதினோராம் நாள் பூசணம் பூத்தது.

"சங்கத்துல உன் நாற்காலி காலியாத்தான் இருக்காம்" என்றாள் அம்மா.

நீதி: பன்றியைத் தொட்டியில் இறக்கலாம், பெயர்ப்பலகையில் ஏற்றக் கூடாது.