நாய்க்குப் பேயோட்டிய பைரவானந்தர்

மனிதர்களைப் பிடித்து அலுத்துப்போன பேய்கள், போன தை மாதத்திலிருந்து கோத்தகிரிப் பக்கம் நாய்களைப் பிடிக்கத் தொடங்கின. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஸ்ரீலஸ்ரீ பைரவானந்தர். அவர் வருவதற்கு முன்பு இந்த மலையில் நாய்கள் சும்மா குரைத்துக்கொண்டிருந்தன. அவர் வந்த பிறகுதான், உள்ளே இருந்துகொண்டு யார் குரைக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரிந்தது.

கட்டபெட்டு சாலையில் மூடிக்கிடந்த தேயிலை ஃபேக்டரியின் கொட்டகைதான் ஆசிரமம். ஞாயிற்றுக்கிழமை என்றால் கால் வைக்க இடமிருக்காது. கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்திறங்கும் லேப்ரடார், ஸ்வெட்டர் போட்ட பொமரேனியன், ஊட்டி பங்களாவின் அல்சேஷன், சாக்குக் கயிற்றில் இழுத்துவரப்பட்ட நாட்டு நாய் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். பேயாவது சாதி பார்க்காமல் பிடிக்கிறதே என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

சாமியின் முறை எளிமையானது. நாயைப் பாயில் உட்கார வைப்பார். வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியை அதன் முகத்துக்கு நேரே நீட்டி, "வாடா வெளியே!" என்று கர்ஜிப்பார். நாய் காதை மடக்கி, வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு ஊளையிடும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். "போடா!" என்று தடியைத் தாழ்த்துவார். நாய் அடங்கிவிடும். தட்சணை வாங்கும்போது மட்டும் தடி ஓரமாகப் போய்விடும். அதற்கு இரண்டு கையும் வேண்டுமல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வரிசையில் இந்துவும் நின்றாள். ஆசைப்பட்டு வந்தவள் அல்ல. எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். கணவன் தினேஷ்குமார் ஜீப் ஓட்டுகிறான். ஃபாரூக் பாயின் பேக்கரி வாசலில், உடைந்த வர்க்கி பிஸ்கட் துண்டுகளைத் தின்று உயிர் பிழைத்துக்கொண்டிருந்த ஒரு பழுப்பு நாயை அவள் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தாள். பெயரும் வர்க்கி என்றே நிலைத்துவிட்டது. பகலெல்லாம் தங்கமான நாய். ஆனால் காட்டெருமை தோட்டத்துக்குள் இறங்கி, எஸ்டேட் லைன் வீடுகளின் ஆட்கள் தகரம் தட்டி விரட்டும்போது மட்டும் அதற்குப் பித்துப் பிடித்துவிடும். வெடவெடவென நடுங்கும், சுவரைப் பிறாண்டும், விடாமல் குரைக்கும். ஒரு தடவை பக்கத்து வீட்டு மூக்கம்மாவின் சேலையைக் கடித்துக் கிழித்துவிட்டது.

"ஏம்புள்ள இந்து, இது கத்துற கத்துக்குச் சிறுத்தையே ஊட்டுக்குள்ள வந்துரும். ஒண்ணு சாமிகிட்டக் கூட்டிட்டுப் போ, இல்லீனா எங்கீயாச்சும் கொண்டுபோய் உடு" என்றாள் மூக்கம்மா. லைன் மொத்தமும் அவள் பக்கம்தான் பேசியது.

இந்து முதலில் போனது கால்நடை டாக்டர் பிரியாவிடம். "இத யாரோ தகரத்தத் தட்டி நல்லா அடிச்சிருக்காங்க. பயந்து கிடக்குறத மெரட்டித் தைரியசாலியாக்க முடியாதுங்க" என்று சொல்லி, டாக்டர் ஒரு வழி காட்டினார். தினேஷ்குமார் தூரத்தில் நின்று, துணி சுற்றிய தகரத்தை ஒரு விரலால் தட்ட வேண்டும். இந்து அந்த நொடியே அவித்த முட்டைத் துண்டு ஒன்றை வர்க்கிக்குக் கொடுக்க வேண்டும். நாய் விலகிப் போனால் விட்டுவிட வேண்டும். நடுங்காமல் நின்றால் மறுநாள் ஓரடி கிட்டே வரலாம். தகரம் என்றால் முட்டை என்று வர்க்கிக்கு மெல்லப் புரிந்து வந்தது. ஆனால் அதற்குள் தினேஷ்குமாருக்குப் பொறுமை போய்விட்டது. "நாய்க்குத் தாளம் போடறதுக்கா எனக்குக் கலியாணம் பண்ணி வெச்சாங்க?" என்று தகரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, ஆசிரமத்துக்கு ஜீப்பைத் திருப்பினான்.

விளைவு? சாமி தடியை நீட்டியதும் வர்க்கி சிறுநீரே விட்டுவிட்டது. இந்து பதறிப்போய் அதை வாரி எடுத்தாள். சாமி மட்டும் பதறவில்லை.

"பிடிவாதமான ஆவி. வருகிற அமாவாசைக்கு மறுபடி கொண்டு வா. அன்றும் அடங்காவிட்டால் சோலைக்காட்டுக்குள் கட்டிப்போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. பைரவர் எடுத்துக்கொள்வார்" என்றார்.

அந்தச் சோலையில் உலவும் பைரவருக்கு உடம்பெல்லாம் புள்ளி இருக்கும், மரமும் ஏறுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் தினேஷ்குமார் தலையாட்டினான். வீட்டுக்கு வந்த வர்க்கி கட்டிலுக்கடியில் புகுந்தது. முட்டையைக் காட்டினாலும் வெளியே வரவில்லை. இந்து தரையில் படுத்து, கட்டிலுக்குள் கையை விட்டு, அதன் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள்.

அழுகைக்கு நடுவே ஒரு கேள்வி வந்தது. சாமி பேயைக் கூப்பிட்டது வர்க்கிக்குள்ளிருந்து. அப்படியென்றால் வரிசையின் கடைசியில் நின்ற லேப்ரடார் எதற்கு அதே நொடியில் காதை மடக்கியது? ஒருத்தர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஊரே திரும்பிப் பார்க்குமா? தடியை நீட்டும்போது சாமியின் கட்டைவிரல் அதன் பூணை அழுத்தியதையும் அவள் நினைத்துப் பார்த்தாள்.

மறுநாளே ஃபாரூக் பேக்கரிக்குப் போனாள். அங்கே அடுப்புச் சூட்டில் பாபு என்ற கிழட்டு நாய் படுத்திருந்தது. நடுரோட்டில் அது தூங்கினால், பஸ்ஸுகள் ஹாரன் அடித்து அலுத்துப்போய் ஒதுங்கித்தான் போகும்.

"பாய், அமாவாசைக்கு பாபுவக் கொஞ்சம் ஆசிரமத்துக்குத் தூக்கியாங்க."

"அதுக்கு என்ன பேயிங்க புடிச்சிருக்கு?"

"அதத்தான் சாமி வாயால கேக்கோணும்."

அமாவாசையன்று காலையில் கொட்டகை நிரம்பி வழிந்தது. ஃபாரூக் பாபுவைச் சாக்கோடு தூக்கிவந்து பாயில் கிடத்தினார். அது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கியது.

"சாமி, எங்க வர்க்கிக்கு முன்னாடி இதப் பாருங்க. எதுக்குமே அசைய மாட்டீங்குது" என்றாள் இந்து.

பைரவானந்தர் கண்ணை மூடித் திறந்தார். "ஆகா! பயங்கரமான சுடுகாட்டு ஆவி. இதோ எழுப்புகிறேன். வாடா வெளியே!"

தடி நீண்டது. வரிசையில் இருந்த அத்தனை நாய்களும் சுருண்டன. பொமரேனியன் எஜமானியின் சேலைக்குள் புகுந்தது. பாபு மட்டும் புரண்டு, வயிற்றை மேலே காட்டிப் படுத்தது. சாமி இன்னும் கிட்டே போய் உரக்கக் கத்தினார். சுடுகாட்டு ஆவி குறட்டை விட்டது.

"அதுக்குக் காது கேக்காதுங்க சாமி" என்றார் ஃபாரூக்.

"நாய்க்குக் கேக்காது, செரி. பேய்க்குமா கேக்காது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு கிளம்பியது.

"அது செவிட்டு ஆவி!" என்றார் சாமி. அதையும் நம்பத் தயாராகப் பாதிக் கூட்டம் தலையாட்டியது என்பதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்!

"அப்பச் செரிங்க. எங்க நாய்க்கு நல்லாக் காது கேக்கும். தடியக் கீழ வெச்சுப்போட்டு அதோட பேயக் கூப்புடுங்க" என்றாள் இந்து.

இத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? தடி கீழே போனது. "வாடா!" என்றார் சாமி. வர்க்கி வெறித்துப் பார்த்தது. இன்னொரு தரம் கத்தினார். அது இந்துவின் காலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. ஊளையும் இல்லை, உருளலும் இல்லை.

இந்து சட்டென்று குனிந்து தடியை எடுத்தாள். "ஒரே தடவதான், மன்னிச்சுக்கங்க கண்ணுகளா" என்று நாய்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பூணை அழுத்தினாள். வாயைத் திறக்கவில்லை. கொட்டகை முழுக்க நாய்கள் காதை மடக்கின.

"எனக்கு ஒரு மந்தரமும் தெரியாதுங்க. நான் கூப்புட்டாலும் வருதே உங்க பேயி?"

தினேஷ்குமார் தடியை வாங்கிப் பூணைத் திருகினான். பேட்டரியும் சிவப்பு விளக்கும் வைத்த சின்னக் கருவி ஒன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது. மனிதக் காதுக்கு எட்டாத சத்தத்தில் நாயை அலறவைக்கும் சாமான். அவன் சாமியின் தாடியை உற்றுப் பார்த்தான்.

"ஏனுங், போன வருசம் பொருட்காட்சில எலி வெரட்டுற மிசின் வித்தது நீங்கதானே? நானும் ஒண்ணு வாங்குனனே! எலி அப்படியே இருக்குது, நீங்கதான் ஓடிப்போயிட்டீங்க!"

இந்தத் தடவையும் ஓடத்தான் பார்த்தார். கார்க்காரர்கள் வழி விடவில்லை. போலீஸ் வரும்வரை, பைரவரின் பிரதிநிதி நாய்களுக்கு நடுவில் உட்கார வேண்டியதாயிற்று. அவற்றில் ஒன்றுகூட அவரைக் கடிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கலைந்து போகும்போது மூக்கம்மா இந்துவின் காதோரம் கேட்டாள்: "இவன் டூப்பு, செரி. தேவாலாப் பக்கம் ஒருத்தரு இருக்காராமா. அவரு நெசமான சாமிதானே?"

இந்து குனிந்து வர்க்கியைத் தடவிக்கொடுத்தாள். தினேஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டு, "சாயங்காலம் எவ்வளவு தூரத்துல நின்னு தட்டோணும்?" என்று கேட்டான். "மொதல்ல இருந்துதான். ரொம்பத் தூரத்துல" என்றாள் அவள். அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சமாதானம் செய்யும் எண்ணத்தில் மூக்கம்மா, ஆசிரமப் பிரசாத லட்டு ஒன்றை வர்க்கியிடம் நீட்டினாள். வர்க்கி அதை ஒருமுறை மோந்தது. இன்னொரு முறை மோந்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அதற்கு ஐந்தறிவுதான் என்கிறோம். அதுவே மோந்து பார்க்காமல் எதையும் விழுங்குவதில்லை. ஆறறிவு இருக்கிறது என்று மார்தட்டும் நாம் எப்போது மோந்து பார்க்கப் போகிறோம்?