தனியாகப் போனவளுக்குத் துணை

மனிதர் நிம்மதியாக இருக்க மூன்று வேளைச் சோறும், உடுக்கத் துணியும், படுக்க இடமும் போதும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெரியவர்களில் யாரும் கூட்டுக் குடும்பத்துக்குச் சின்ன மருமகளாக வாழ்க்கைப்பட்டவர்கள் இல்லை. பட்டிருந்தால் நாலாவதாக ஒரு தாழ்ப்பாளையும் சேர்த்திருப்பார்கள்.

சின்ன மருமகள் புகுந்த வீட்டில் அவளையும் சேர்த்துப் பதினோரு பேர். குளியலறையின் உள்தாழ்ப்பாள் அவள் கல்யாணமாகி வந்த வாரமே கழன்று விழுந்தது. "நாளைக்குத் தச்சரைக் கூப்பிடலாம்" என்றார் மாமனார். அந்த நாளை இன்னும் விடியவில்லை. இதற்குள் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, மூத்தவன் பள்ளிக்கூடமும் போகிறான். நிறைவாளியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, ஒரு காலால் வாளியை அழுத்திக்கொண்டு, மறுகாலில் நின்று குளிப்பதில் அவள் கைதேர்ந்துவிட்டாள். காலால் செய்வதைக் கைதேர்ந்தது என்று சொல்லலாமா என்பதைப் படித்தவர்கள் தீர்மானிக்கட்டும்.

அப்படி நின்றாலும் வெளியிலிருந்து குரல் வரும்.

"அம்மா, பென்சிலக் காணோம்."

"சின்னவளே, அடுப்புல பால் வச்சியே, பார்த்தியா?"

"உள்ள யாரு?" இது மாமனார்.

"நான்தான் மாமா."

"சரி சரி, நிதானமா வாம்மா" என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்பார்.

அவளுடைய ஆசை மலையைப் பெயர்க்கிற ஆசை இல்லை. யாரும் கூப்பிடாத ஒரு பொழுது வேண்டும். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் டீயை ஆறுவதற்குள் குடித்து முடிக்க வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? வீடு நிறைய ஆள் இருக்கையில் தனியாக இருக்க ஆசைப்படுகிறாள் என்றால், பெண்ணுக்கு என்னமோ பிடித்திருக்கிறது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். அதற்கும் பத்துப் பேர் துணைக்கு வருவார்கள்.

இந்தச் சமயத்தில்தான் ஊருக்குள் ஒரு புது மோகம் வந்து இறங்கியது. வெளிநாட்டுக்குப் போய், சைக்கிளில் தன்னந்தனியாக நாள் கணக்கில் சுற்றி, வெயிலில் கருத்துத் திரும்பி வருவது. பஸ்ஸுக்குக் காசில்லாத காலத்தில் இதற்கு வறுமை என்று பெயர். இப்போது சாகசம் என்றார்கள். அவள் கணவன் வேலை பார்க்கும் அலுவலகத்து மேலாளரின் மனைவி அப்படிப் போய்வந்தாள். சைக்கிளோடு அவள் நிற்கும் படம் மேலாளர் வீட்டுக் கூடத்தில் சுவர் அகலத்துக்கு மாட்டியிருந்தது. "என்னையே நான் கண்டுபிடித்தேன்" என்று கீழே எழுதியிருந்தது. அதற்கு முன் அவளைக் காணவில்லை என்று யாரும் தேடியதாகத் தெரியவில்லை.

அதைப் பார்த்துவிட்டு வந்த கணவனுக்குச் சோறு இறங்கவில்லை. குடும்பம் கூடியது.

"நம்ம வீட்டுலேர்ந்தும் ஒருத்தர் தனியாப் போயே ஆகணும். இது மானப் பிரச்சினை" என்றான்.

"எல்லாரும் சேர்ந்தே தனியாப் போனா என்னடா? செலவு குறையுமே" என்றார் மாமனார்.

கணவனுக்கு முழங்கால் வலி. அவன் அண்ணனுக்கு மூலம். மூத்த மருமகள் போனால் அடுப்பு அணைந்துவிடும். மாமியாருக்குச் சைக்கிள் தெரியாது. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், திரும்பும் வழியில் கேஸ் சிலிண்டரைக் கேரியரில் கட்டி வருவதும் சின்னவள்தான்.

"இவ எப்படியும் சைக்கிள்லதான் கெடக்கா. அதை அங்க போய் மிதிச்சா என்ன?" என்று மாமியார் தீர்ப்புச் சொன்னார்.

சின்னவளை யாரும் கேட்கவில்லை. நல்லவேளை, கேட்டிருந்தால் முகம் காட்டிக்கொடுத்திருக்கும். "பிள்ளைங்களை யாரு பார்த்துக்குவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நாங்க பத்துப் பேரு இருக்கோமே" என்றார்கள். அந்தப் பத்தில் அந்தப் பிள்ளைகள் இரண்டும் சேர்த்தி.

பத்துப் பேரும் ரயில் நிலையம் வரை வந்து அவளைத் தனியாக வழியனுப்பினார்கள்.

எல்லையில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் நின்றாள். அந்த நாட்டுப் பாஷை அவளுக்குத் தெரியாது. ஆனால் அலுவலகத்தார் பேசுவது எந்த நாட்டிலும் பாதி புரியும், பாதி புரியாது. ஆகவே பாஷை ஒரு தடையாக இல்லை.

"பயணத்தோட வகை?" என்றார் எல்லை அதிகாரி.

"தனியா, சார்."

"தனியாத்தான் வந்திருக்கீங்கங்கறதுக்கு யாரு சாட்சி?"

"யாரும் இல்ல சார்."

"சாட்சி இல்லாம எப்படிம்மா நம்பறது?"

"சாட்சி கூட வந்திருந்தா நான் எப்படி சார் தனி?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இங்க பாருங்கம்மா. தனியா வர்றவங்க மேல எங்க அரசாங்கத்துக்கு ரொம்ப மதிப்பு. போன தடவை ஒருத்தர் தனின்னு சொல்லிட்டு வழியில ஒரு நாயைச் சேர்த்துக்கிட்டார். நாடே தலைகுனிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் நாங்க ஏமாறறது இல்ல."

ஆகவே மேற்படி பயணியின் தனிமைக்கு எவ்விதக் குந்தகமும் நேராவண்ணம் ஒரு தனிமைக் கண்காணிப்பாளர் நியமிக்கப்பட்டார். ஒல்லியான மனிதர். அரசாங்கச் சைக்கிள், அரசாங்கக் குடை.

"இவரு கூட வந்தா நான் தனி இல்லையே சார்."

"கூட எங்க வர்றாரு? பின்னாலதானே வர்றாரு. கூட வர்றது வேற, பின்னால வர்றது வேற."

பயணம் தொடங்கியது. வெளிநாட்டில் சைக்கிள் மிதிப்பதன் துன்பங்களைப் படம் காட்டியவர்கள் யாரும் சொல்லவில்லை. அந்த நாட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிர்க்காற்று. ஏற்றம் என்றால் மூச்சு நாக்கின் நுனிக்கு வந்து நிற்கும். செயின் நாழிக்கொரு தரம் கழன்று, மாட்ட மாட்ட விரலெல்லாம் கறுத்துப்போனது. உட்காரும் இடம் உட்கார முடியாத இடமாகிவிட்டது. பெடலில் நின்றபடியே பாதி நாட்டைக் கடந்தாள்.

மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் பின் சக்கரம் பஞ்சர். சாலையோரம் குந்தி டயரைக் கழற்றினாள். கண்காணிப்பாளர் குடைக்குக் கீழே நின்று பார்த்தார்.

"கொஞ்சம் சக்கரத்தைப் பிடிச்சுக்கறீங்களா சார்?"

"பிடிச்சா நீங்க தனி இல்லையேம்மா."

"அந்தக் குடையையாவது இந்தப் பக்கம் சாய்ச்சுப் பிடிங்களேன்."

"ஒரு குடைக்குக் கீழ ரெண்டு பேரா? என் வேலை போயிடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் அவள் சிலிண்டரை இறக்கும்போதும் இப்படித்தான். சுற்றி நிற்கிற ஆளுக்குக் குறைவிருக்காது, ஒத்தாசைக்கு ஒரு கை வராது.

ஒரு பெண்ணின் பின்னால் ஓர் ஆண் நாள் முழுக்கப் போவது பார்வைக்கு நன்றாக இல்லை என்று மேலிடம் கருதியது. ஆகவே ஒரு பெண் அதிகாரி வந்து சேர்ந்தார். அந்த இருவரும் பேச்சுத் துணையாகிவிட்டால் கூட்டம் என்றாகிவிடுமே. அதைத் தடுக்க ஜீப்பில் ஒரு மேற்பார்வையாளர் வந்தார். அவள் விழுந்துவிட்டால்? ஒரு மருத்துவர் வந்தார். முழங்கை சிராய்த்து அவரிடம் போய்க் காட்டினாள்.

"நினைவு இருக்கே உங்களுக்கு" என்று அவர் கையை விரித்தார். "மயக்கம் போட்டப்புறம்தான் நான் தொடலாம். அப்பத்தான் துணை இருக்கறது உங்களுக்குத் தெரியாது."

சாலையோரப் புதருக்குப் பின்னால் ஒதுங்கினாலும் பெண் அதிகாரி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் குரல் வரும். "தனியாத்தானே இருக்கீங்க?"

"தனியாத்தான் இருக்கேன்."

"சரி சரி, நிதானமா வாங்க."

எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருந்தது.

அப்புறம் புகைப்படக்காரர் வந்தார். அவளுடைய தனிமையைப் படம் பிடிப்பது அவர் பொறுப்பு. அதிகாரிகளும் ஓட்டுநர்களும் அவர்களுக்குச் சோறு கொண்டுவந்தவர்களும் சாலையோரப் பள்ளத்தில் இறங்கித் தலையைக் குனிந்துகொண்டார்கள். "அம்மா, இன்னும் கொஞ்சம் தனியா நில்லுங்க. முகத்துல அந்த ஏக்கம் வரணும்" என்றார். ஏக்கத்துக்குப் பஞ்சமில்லை. அது முதல் படத்திலேயே வந்துவிட்டது.

படம் பத்திரிகையில் வந்ததும் அந்த நாட்டு இளைஞர்களுக்கு ஆவேசம் பிறந்தது. தனிப் பயணிகள் சங்கம் அமைத்து, நாற்பது ஐம்பது சைக்கிளில் வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லார் பனியனிலும் ஒரே நிறத்தில், ஒரே எழுத்தில், "நான் தனி" என்று அச்சடித்திருந்தது.

"தம்பி, நீங்க எல்லாம் எங்க போறீங்க?" என்று கேட்டாள்.

"தனியாப் போறோம்க்கா" என்றான் சங்கத் தலைவன். "தனியாப் போறவங்க ஒண்ணாச் சேர்ந்தாத்தான்க்கா ஒரு பலம்."

"சங்கத்துல சேராமத் தனியாப் போனா?"

"அப்படிப் போறவங்களை நாங்க மதிக்கறது இல்ல."

மலையுச்சியில் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் மேற்பார்வையாளர் ஜீப்பை நிறுத்தினார். சங்கத்தாரைக் கூட்டமாகக் கொள்வதா, தனித்தனியாகக் கொள்வதா என்று கேள்வி எழுந்தது. தனித்தனியாகக் கொண்டால் தலைக்கொரு கண்காணிப்பாளர் வேண்டும். வாக்குவாதம் முற்றியது. தனிமை என்றால் என்ன என்று மருத்துவர் விளக்க ஆரம்பித்தார். எல்லாரும் அவளைப் பற்றியே பேசியதால் அவளை யாரும் பார்க்கவில்லை.

அவள் சைக்கிளை மெல்ல மறுபாதைக்குத் திருப்பினாள். இறக்கம். மிதிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

கீழே ஒரு சின்னப் பாலம். பாலத்துச் சுவரில் உட்கார்ந்தாள். வலித்தது, ஆனாலும் உட்கார்ந்தாள். காலையில் வாங்கி பிளாஸ்க்கில் ஊற்றிய டீயை மூடியில் சாய்த்தாள். ஆவி பறந்தது. யாரும் கூப்பிடவில்லை. குடித்தாள். நாக்கு சுட்டது. சூட்டோடு டீ குடித்தால் நாக்கு சுடும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

இரண்டாவது மூடி ஊற்றும்போது ஜீப் வந்துவிட்டது.

"என்ன காரியம் பண்ணிட்டீங்கம்மா" என்றார் மேற்பார்வையாளர். "தனிப் பயணத்தை நடுவுல விட்டுட்டுத் தனியாப் போயிட்டீங்களே."

தலைநகரத்து அலுவலகத்தில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அனுமதியின்றித் தனியாகச் சுற்றித் திரிந்தது குற்றம். இதற்கிடையில் ஊர்வலம் அவள் இல்லாமலேயே பயணத்தை நிறைவு செய்திருந்தது. முதலாவதாக வந்து சேர்ந்த கண்காணிப்பாளருக்குத் தனிப் பயணச் சாதனையாளர் பதக்கம் சூட்டி, பதவி உயர்வும் கொடுத்துவிட்டார்கள்.

தலைமை அதிகாரி தொண்டையைச் செருமினார். "ஏழு நாள் தனியறைக் காவல்."

"தனியறைன்னா எப்படி சார்?"

"உங்களைத் தவிர யாரும் இருக்கமாட்டாங்க. யாரும் பேசமாட்டாங்க."

"சமைக்கணுமா?"

"சாப்பாட்டைக் கதவுக்குக் கீழ தள்ளிடுவாங்க. ரெண்டு வேளை டீ."

"யாராவது கதவைத் தட்டுவாங்களா?"

"தட்டவே கூடாது. ரொம்பக் கடுமையான தண்டனைம்மா இது."

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அதிகாரிக்கு மனசு இளகிவிட்டது. "அழாதீங்க. குறைக்கறதுக்கு வழி இருக்கான்னு பார்க்கறேன்."

"குறைச்சிடாதீங்க சார்" என்றாள். "பதினஞ்சு நாளாக் குடுக்க முடியுமா?"

பேனா நின்றது. தண்டனை என்றால் வலிக்க வேண்டும் என்பது சட்டம். அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதைவிடக் கடுமையான இடம் எது என்று ஒவ்வொன்றாக யோசித்தார்கள். சுரங்கம், கல்லுடைக்கும் மலை என்று சொன்னபோதெல்லாம், "அங்க அறைக்கு எத்தனை பேர் சார்?" என்று அவள் ஆசையோடு கேட்டாள்.

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள் தலையைத் தூக்காமலே கேட்டார். "உங்க வீட்டுல எத்தனை பேரும்மா?"

"பதினோரு பேருங்க."

தலைமை அதிகாரி பேனாவை மறுபடி எடுத்தார்.

"மேற்படியாரை உடனடியாக அவரது வீட்டுக்கே அனுப்பிவைக்கவும்" என்று உத்தரவாயிற்று. ரயிலுக்கு நேரம் ஆகும்வரை தனியறையில் உட்காரவைத்தார்கள். கட்டில், கூஜா, கைக்கெட்டாத ஒரு ஜன்னல். கதவு கனத்த கதவு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். தட்ட ஆளில்லாத அந்தக் கதவைப் பார்த்தபடியே அவள் தூங்கிப்போனாள். எழுப்ப இரண்டு காவலர்கள் வேண்டியிருந்தது.

வீட்டில் அவளுக்கு ஆரத்தழுவிய வரவேற்பு. பத்திரிகையில் வந்த படத்தைக் கணவன் மேலாளர் வீட்டுப் படத்தைவிட ஒரு சாண் பெரிதாக்கி மாட்டியிருந்தான். பள்ளத்திலிருந்து யாரோ ஒருவருடைய முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது. அதை மரக்கிளை என்று வந்தவர்களிடம் சொன்னான். சிறை சமாச்சாரத்தை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று கட்டளை. ஆகவே சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

முதலில் மூத்த மருமகள் கரண்டி தேடுகிற சாக்கில் பக்கத்தில் வந்தாள். "ஏண்டி, அந்த அறை கிடைக்கணும்னா என்ன குத்தம் பண்ணணும்?"

"தனியாப் போகணும்க்கா."

"அவ்வளவுதானா?" என்று பெருமூச்சு விட்டாள்.

படத்தைப் பார்க்க வந்த மேலாளர் மனைவி, போகும்போது செருப்பு மாட்டுகிற சாக்கில் குனிந்தாள். "நான் போனப்போ என் பின்னால காரில வீட்டுக்காரரும் மாமனாரும் வந்தாங்க. யார்கிட்டயும் சொல்லிடாத. அந்த அறைல மெத்தை உண்டா?"

மறுநாள் காலை சின்னவள் வாளியை முட்டுக் கொடுத்து, ஒரு காலில் நின்று தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே நிழல் வந்து நின்றது.

"உள்ள யாரு?"

"நான்தான் அத்தை. இதோ வந்துட்டேன்."

"வர வேணாம். மெதுவாப் பேசு." மாமியாரின் வாய் கதவு இடுக்கை ஒட்டியிருந்தது. "அந்த அறைக்குத் தாழ்ப்பாள் இருந்துச்சா?"

"இருந்துச்சு அத்தை. ஆனா வெளிப்பக்கம்."

கூடத்தில் மாமனார் யாரையோ கூப்பிட்டார். பிள்ளை பென்சிலைத் தேடி அழுதது. அடுப்பில் பால் பொங்கிவிட்டதாகக் குரல் கேட்டது.

"எந்தப் பக்கமா இருந்தா என்ன" என்றார் மாமியார். "சின்னவளே, என் வயசுக்குச் சைக்கிள் பழக எத்தனை நாள் ஆகும்?"