பன்னிரண்டு ஆலோசகர்கள்

"எட்டுப் பேர்தான் தேறுது சார். மிச்ச நாலு பேருக்கு எங்க போறது?" என்றார் கிளார்க்.

தரம் சார் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதே முக்கால். பத்தரைக்கு ஆய்வுக் குழு வந்துவிடும்.

"வாட்ச்மேனைக் கூப்பிடுங்க. டிரைவரைக் கூப்பிடுங்க. கேன்டீன் சமையல்காரம்மா இப்ப சும்மாதானே இருப்பாங்க?"

"பதினொண்ணு ஆச்சு."

"பன்னிரண்டாவது ஆள் நீங்க."

"நானா? எனக்கே புத்தி சொல்ல வீட்ல நாலு பேர் இருக்காங்க சார்!"

தரம் சாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கல்லூரியின் இணையவழிப் பட்டப்படிப்புக்குத் தரப் பொறுப்பாளர் ஆன நாளிலிருந்து இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பொறுப்பும் அவருடைய தரத்தைப் பார்த்து வந்ததல்ல. அதை யார் தலையில் கட்டுவது என்று பேசிய கூட்டத்துக்கு இருபது நிமிஷம் தாமதமாகப் போனார். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் அவரும் சேர்ந்து தட்டினார்.

இப்போதைய வினைக்கும் அவரேதான் காரணம். மூன்று வருஷத்துக்கு முன் படிப்பைத் தொடங்க அனுமதி கேட்டு இணையத்தில் ஒரு படிவம் நிரப்பினார். நாற்பத்தேழாம் பக்கத்தில் 'மாணவர் உதவி மையத்தில் ஆலோசகர்கள் எத்தனை பேர்?' என்று ஒரு கட்டம். உதவி மையமே கிடையாது. பூஜ்யம் போட்டார், ஏற்கவில்லை. காலியாக விட்டார், அடுத்த பக்கம் திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. கடுப்பில் பன்னிரண்டு என்று போட்டார். உடனே தொலைபேசி எண் கேட்டது. விரல் போன போக்கில் ஒரு நம்பரைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். 'தரவு இல்லாமல் வாயைத் திறக்காதே' என்று பதினைந்து வருஷமாகப் புள்ளியியல் நடத்துகிற மனிதர் செய்த காரியம் இது.

அனுமதி வந்தது. படிவம் அப்படியே கல்லூரி இணையதளத்தில் ஏறியது. அறுநூறு பேர் சேர்ந்தார்கள். இன்று வருகிற குழு தர அங்கீகாரம் கொடுத்தால்தான் அவர்கள் வாங்கும் பட்டம் பட்டம். இல்லையென்றால் வெறும் காகிதம்.

அந்த அறுநூறில் ஒருத்தி அவருடைய அக்கா. தம்பியைப் படிக்க வைப்பதற்காகத் தன் படிப்பைப் பாதியில் விட்டவள். ஒரு நூலகத்தில் தற்காலிக உதவியாளர். பட்டம் இருந்தால் வேலை நிரந்தரம். "ஐம்பது வயசுல எனக்கெதுக்குடா படிப்பு?" என்றவளை, "நான் இருக்கேன்ல அக்கா, சேரு" என்று சேர்த்துவிட்டதும் இவர்தான். கடைசி வருஷம் படிக்கிறாள். அவள் பட்டத்துக்கு உலை வைத்தவன் தம்பியே என்று தெரிந்தால் எந்த முகத்தோடு அவள் வீட்டுப் படி ஏறுவது?

உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த அறை உதவி மையமானது. மொழி ஆய்வகத்திலிருந்து பன்னிரண்டு ஹெட்போன்கள் வந்தன. பன்னிரண்டு பேரும் அவற்றை மாட்டிக்கொண்டு, பல் டாக்டரிடம் வந்தவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்தார்கள்.

தரம் சார் அக்காவுக்கு ஃபோன் போட்டார். குழு ஒரு மாணவரிடம் வீடியோவில் பேச வேண்டும் என்று கேட்டிருந்தது. அக்காவைத்தான் ஏற்பாடு செய்திருந்தார். உதவி மையத்தைப் பற்றிக் கேட்டால் 'நல்லா இருக்கு' என்று மட்டும் சொல்லச் சொல்லவேண்டும். லைன் பிஸி. மறுபடி போட்டார். பிஸி. அக்காவின் ஃபோன் எப்போதுமே இப்படித்தான். அப்படி யாரோடுதான் பேசுவாளோ!

பத்தரைக்குச் சரியாகக் குழு வந்தது. தலைவி, ஓய்வுபெற்ற துணைவேந்தர். கூடவே நோட்டும் கையுமாக ஒரு நிபுணர். வந்ததும் வராததுமாகத் தலைவி சொன்னார்:

"முதல்ல உதவி மையம். அதைத்தான் பார்க்கணும்னு வந்தோம்."

அறைக்குள் நுழைந்த நோட்டு நிபுணர், வாட்ச்மேனின் ஹெட்போன் வயரைக் கையில் பிடித்து அதன் நுனிவரை போனார். நுனி அந்தரத்தில் தொங்கியது.

"இது எதுலயும் சொருகலையே?"

"வயர்லெஸ் சார்," என்றார் தரம் சார்.

"வயர் இருக்கே?"

"அது... இருக்கட்டும்னு வச்சிருக்கோம் சார்."

நோட்டில் ஏதோ ஏறியது.

"ஒரு ஃபோன்கூட வரலையே?" என்றார் தலைவி.

தரம் சார் வெளியே நழுவி, தன் செல்லிலிருந்து வாட்ச்மேனுக்கு ரிங் கொடுத்தார். உள்ளே மணி அடித்தது. ஆலோசகர் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். இருபது வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"யாரு? யாரைப் பார்க்கணும்? அப்படியெல்லாம் உள்ள விட முடியாது!"

தரம் சார் திரும்பி வந்தபோது நோட்டில் அடுத்த பக்கம் புரண்டிருந்தது. தலைவி சமையல்காரம்மாவின் முன்னால் நின்றிருந்தார்.

"மனசு சரியில்லைன்னு ஒரு மாணவர் ஃபோன் பண்ணினா என்ன சொல்வீங்க?"

"முதல்ல சாப்பிட்டியான்னு கேப்பேங்க."

"அப்புறம்?"

"சாப்பிடலைன்னா வந்து சாப்பிடுன்னு சொல்வேங்க."

"இணையவழி மாணவர் எப்படிம்மா வருவார்?"

"பஸ்ல வரட்டுங்க."

தலைவி சிரிக்கவில்லை. அந்த அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பன்னிரண்டு பேரையும் ஆளுக்கு ஒரு வாக்கியம் பேசச் சொல்லி, தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார். கிளார்க் முறை வந்தபோது அவர், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, உட்காரச் சொன்னாங்க," என்றார். தலைவி உதட்டைப் பிதுக்கி நோட்டு நிபுணரைப் பார்த்தார். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

முடிந்தது கதை என்று தரம் சாருக்குப் புரிந்துவிட்டது. இதற்குப் பதில் உதவி மையம் மூடியிருக்கிறது என்று கதவில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டிருக்கலாம். அந்த அளவுக்குக்கூட மூளை வேலை செய்யவில்லை. இந்த மூளைக்கு முனைவர் பட்டம் வேறு!

"மாணவரைக் கூப்பிடுங்க," என்றார் தலைவி.

திரையில் அக்கா தெரிந்தாள். பின்னால் புத்தக அலமாரி. கையிலிருந்த ஃபோனில், "அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுறேன் கண்ணு, அழாதே," என்று சொல்லி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வணக்கம்மா. சொல்லுங்க."

தலைவி நாற்காலியின் நுனிக்கு வந்தார். கோபம் ஏறுகிறது என்று தரம் சார் நினைத்தார். தலைவிக்குப் பின்னால் நின்றுகொண்டு, 'நல்லா இருக்குன்னு சொல்லு' என்று அக்காவுக்குக் கட்டைவிரலை ஆட்டி ஆட்டிக் காட்டினார்.

"எதுக்குடா விரலை ஆட்டுறே? அடிபட்டுடுச்சா?" என்றாள் அக்கா.

தலைவி திரும்பிப் பார்த்தார். தரம் சார் விரலைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உதவி மையத்துக்கு நீங்க எத்தனை தடவை ஃபோன் பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டார் தலைவி.

"ஒரு தடவைகூட இல்லைம்மா."

"மூணு வருஷத்துல ஒரு தடவைகூடவா? ஏன்?"

"அது எப்படிம்மா முடியும்? அந்த..."

"மேடம்!" தரம் சார் குறுக்கே பாய்ந்தார். "அவங்களைக் கேக்காதீங்க. உதவி மையமே கிடையாது. பன்னிரண்டுன்னு நான்தான் அள்ளி விட்டேன். இவங்க வாட்ச்மேன், இவங்க சமையல்காரம்மா. அது என் அக்கா. என்னைப் படிக்க வைக்கத் தன் படிப்பை விட்டவங்க. என்னை வேலையை விட்டு அனுப்பச் சொல்லுங்க மேடம், போயிடறேன். அவங்க பட்டத்துல மட்டும் கை வச்சிடாதீங்க."

சொல்லி முடித்ததும் கண் கலங்கிவிட்டது. வாட்ச்மேன் தலையிலிருந்த ஹெட்போனை மெல்லக் கழற்றினார்.

நோட்டு நிபுணர் தொண்டையைச் செருமினார்.

"என்ன சார் சொல்றீங்க? வர்றதுக்கு முன்னாடி மாணவர் மாதிரி ஃபோன் பண்ணிச் சோதிக்கிறது எங்க வழக்கம். போன மாசம் நாற்பத்தேழாம் பக்கத்து நம்பருக்குப் பண்ணினேன். பரீட்சைன்னா கை நடுங்குதுன்னு சொன்னேன். ஒரு அம்மா முக்கால் மணி நேரம் பேசினாங்க. ஸ்பீக்கர்ல மேடமும் கேட்டாங்க. அதட்டினாங்க, பாடம் சொல்லிக் கொடுத்தாங்க, மறுநாள் அவங்களே கூப்பிட்டு விசாரிச்சாங்க. நாங்க பார்த்த மையங்கள்லயே இதுக்குத்தான் முழு மதிப்பெண் போட்டோம். அந்தக் குரல் இந்தப் பன்னிரண்டு பேர்ல யாருதுன்னுதான் இவ்வளவு நேரமாத் தேடுறோம். மையமே இல்லைன்னா, அவங்க யாரு?"

தரம் சார் பன்னிரண்டு பேரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தலைவி மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னைப் பேச விடுறியாடா?" என்றாள் அக்கா. "உதவி மையம்னு என் நம்பரைப் போட்டு வச்சிருக்கே, எனக்கு நானே எப்படிடா ஃபோன் பண்ணிக்கிறது?"