போல்ட் கிடைக்கும்வரை சாவி கிடையாது

பேரன்புள்ள மாமாவுக்கு,

காருக்குள் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்கள் மருமகன் பணிவோடு எழுதுவது. இங்கே அனைவரும் நலம், இன்னும் கொஞ்ச நேரத்துக்கு. உங்கள் நலத்தை விசாரிக்கவில்லை. அப்பாவின் கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பவருக்கு என்ன குறை?

நீங்கள் பிறந்தநாளுக்கு அனுப்பிய அலுமினியக் காற்றுக்குழாய் வந்து சேர்ந்தது. "இதை மாட்டினா இஞ்சின் தாராளமா மூச்சு விடும்டா, வண்டி உறுமும்" என்றீர்கள். இப்போது மூச்சு விடாமல் இருப்பது நான், உறுமுவது அப்பா. அவர் முடி வெட்டப் போன நேரமாகப் பார்த்து பானெட்டைத் திறந்து, பழைய ஏர் ஃபில்டர் பெட்டியைப் பிடித்திருந்த மூன்று போல்ட்டையும் கழற்றி, பெட்டியைத் தூக்கி வெளியே வைத்து, புதுக் குழாயைச் செருகி, கிளிப்பை முறுக்கி, அடடா நானும் மெக்கானிக்தான் என்று கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தால், தரையில் இரண்டு போல்ட்தான் இருக்கிறது மாமா! வண்டிக்கு அடியில், சட்டைப் பையில், செருப்புக்குள் எல்லாம் தேடியாயிற்று. குழாய் மாட்டும்வரை இஞ்சினின் வாய் ஆவென்று திறந்துதான் கிடந்தது. அதற்குள் விழுந்திருந்தால், சாவியைத் திருப்பிய நொடியே இஞ்சின் சுக்குநூறு.

இன்றைக்கென்று அக்காவுக்கு இண்டர்வியூ. படிப்பு முடித்து வருஷக்கணக்காய் விண்ணப்பம் போட்டு, முதன்முதலாக ஒருத்தர் கூப்பிட்டிருக்கிறார். அப்பாதான் காரில் கொண்டுபோய் விடவேண்டும். அதனால்தான் சாவியோடு உள்ளே குதித்துக் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

"திறடா கதவை!"

"முடியாதுப்பா. இஞ்சினுக்குள்ள போல்ட் விழுந்திருக்கலாம்."

"அப்பா, இவன் சும்மா விளையாடறான். போன வாரம் உங்க ஷூல ரப்பர் பல்லி வெச்சவன்தானே!"

"சத்தியமா இல்லக்கா!"

"எருமை, எனக்கு நேரமாகுதுடா!" என்று கண்ணாடியில் குத்துகிறாள். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். உண்மையைச் சொன்னால் நம்ப ஆளில்லை மாமா, பொய்க்கு இருந்த மரியாதைகூட இல்லை. பல்லி விவகாரத்தில் போன் பறிமுதல் ஆகிவிட்டதால், டாஷ்போர்டில் கிடந்த காகிதத்தில் எழுதுகிறேன். அம்மா மாற்றுச் சாவிக்காகப் பீரோவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பீரோ மூடும் சத்தம் கேட்கிறது. தயவுசெய்து சீக்கிரம் வந்து இந்தக் குழாயைக் கையோடு எடுத்துப்போங்கள். முடிந்தால் என்னையும்.

அத்தைக்கு வணக்கம், குட்டிப்பாப்பாவுக்கு முத்தம்.

இப்படிக்கு,
இதுவரை முழுசாக இருக்கும் மருமகன்

பின்குறிப்பு: அம்மா கொண்டுவந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து, அப்பா என் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். டிக் என்றுகூடச் சத்தமில்லை. பேட்டரி வயரை முதல் வேலையாகக் கழற்றி வைத்தவன் திரும்ப மாட்ட மறந்திருக்கிறேன். அசையவே முடியாத வண்டிக்குத்தான் அவ்வளவு நேரம் உயிரைக் கொடுத்துக் காவல்! ஆத்திரத்தில் அக்கா பழைய பெட்டியை ஓங்கி ஓர் உதை விட்டாள். அதன் ரப்பர் வளையத்தில் சிக்கியிருந்த மூன்றாவது போல்ட் உருண்டு வந்து அப்பா காலடியில் நின்றது. "நிஜமாத்தான் சொன்னியாடா?" என்றார். வயரை அவரே மாட்டினார். வண்டி என்னமாய் உறுமிற்று தெரியுமா! அக்கா நேரத்துக்குப் போய்விடுவாள். தெருமுனையில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆனாலும் அப்பா வண்டியை நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். அப்புறம் இன்னொரு மிதி.

குழாயை எடுக்க வராதீங்க மாமா. அவர் தரமாட்டார்.